மேல் விசாரணை தேவை

1. சஸ்பெண்ட் செய்தி

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் தாலுகா அலுவலகத்துக்கு அந்தச் செய்தி வந்தது. வேறொரு தாலுகாவில் ஆர்.ஐ.யாக, அதாவது வருவாய் ஆய்வாளராக, இருந்தவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அவர் பரிந்துரைத்த எஸ்.டி. சான்றிதழ், அதாவது பழங்குடியினர் சான்று, ஒன்று போலி என்று தெரிந்து, போலீஸ் அவர் வீட்டுக்கே போயிருந்தது.

நானும் ஆர்.ஐ.தான். கணவர் இறந்த பிறகு கருணை அடிப்படையில் கிளார்க்காகச் சேர்ந்து, அந்தப் பதவிக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ராஜபாளையத்தில் வாடகை வீடு. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்தப் பிள்ளைகள் வாசலில் நிற்பதுதான் கண்ணில் வந்தது.

ஹெட் கிளார்க் சங்கரலிங்கம் சார் மெதுவாகச் சொன்னார். “எஸ்.டி.ன்னு மனு வந்தா பேனாவை மூடி வச்சிரு தாயி. கையெழுத்துப் போட்டவனத்தான் சஸ்பெண்ட் பண்ணுவாவ. போடாதவன ஒருத்தரும் ஒண்ணும் கேக்க முடியாது.”

அவர் கெட்டவர் இல்லை. நான் பிழைக்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

2. செல்லத்தாய்

அந்த ஜூனில் செல்லத்தாய் வந்தாள். செண்பகத்தோப்புக்கு மேலே மலையடிவாரத்தில் இருந்த பளியர் பழங்குடிக் குடியிருப்புப் பெண். அரசு விடுதியில் தங்கிப் பிளஸ் டூ முடித்து, மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இடம் வாங்கியிருந்தாள். கல்லூரிக் கட்டணம் கிடையாது, விடுதி இலவசம், உதவித்தொகையும் உண்டு. அரசாங்கம் எல்லாவற்றையும் ஆணையில் எழுதி வைத்திருந்தது. அவ்வளவுக்கும் ஒரே ஒரு காகிதம் வேண்டும், கோட்டாட்சியர் கையெழுத்திட்ட சாதிச் சான்று. அதற்கு என் விசாரணை அறிக்கை வேண்டும்.

அவள் அப்பாவிடம் சான்று இல்லை. நிலம் இல்லை, பட்டா இல்லை. நான் மனுவின் ஓரத்தில் எழுதினேன்: “மூல ஆவணம் இல்லை. மேல் விசாரணை தேவை.” திருப்பி அனுப்பினேன். விசாரிக்க வேண்டியவளே நான்தான் என்பதை யாரும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பள்ளித் தலைமையாசிரியரின் கடிதத்தோடு வந்தாள். அதே வரியை மறுபடி எழுதினேன். எழுதி முடித்ததும் மனசு லேசானது. அதை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது முறை வெறுங்கையோடு வந்து என் மேசை முன் நின்றாள்.

“மேடம், எங்க அப்பாகிட்டயும் பேப்பர் இல்ல, தாத்தாகிட்டயும் இல்ல. இருந்தா நாங்க ஏன் உங்ககிட்ட வாரோம்? நாலு நாள்ல சீட்டை வேற ஆளுக்குக் குடுத்துருவாவளாம்.”

“நாளைக்கு ஊருக்கு வாரேன்” என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

3. குடியிருப்பில்

மறுநாள் காலை தலையாரி மாடசாமியோடு போனேன். மாந்தோப்பில் முந்தின நாள் யானை முறித்த கிளைகள் பாதையில் கிடந்தன. யானையைவிட என் பையிலிருந்த வெள்ளைத்தாளுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

குடியிருப்பில் ஆளே இல்லை. அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன. செல்லத்தாய் மட்டும் நின்றாள்.

“ஆபீசர் வாராவன்னு கேட்டதும் எல்லாரும் மேல ஏறிட்டாவ. அப்பாவும்தான்” என்றாள்.

செத்த நேரம் கழித்து ஒரு பெண் மட்டும் இறங்கி வந்தாள். தூரத்திலேயே நின்று கேட்டாள். “எங்கள இங்கேருந்து கெளப்ப வந்திருக்கீயளா தாயி?”

என்னைப் பார்த்து ஒரு ஊரே காட்டுக்குள் ஓடியிருந்தது. நானோ அவர்களுடைய ஒரு சான்றிதழுக்குப் பயந்து ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

தரையில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ஐந்து பேரிடம் வாக்குமூலம் எழுதினேன். கடைசியாக வந்த அவள் அப்பா குருவன் சொன்னார். “எங்க அய்யா தேன் எடுக்க பாரஸ்ட்ல சீட்டு வாங்குவாரும்மா. அவிய நோட்டுல பேரு எழுதுவாவ.”

அங்கிருந்து நேரே வனத்துறைச் செக்போஸ்ட்டுக்குப் போனேன். வனக்காவலர் பழைய பெட்டியைத் திறந்தார். கறையான் தின்றது போக மிஞ்சிய பதிவேட்டில், தேன் எடுக்க அனுமதி பெற்றவர் வரிசையில் இருந்தது: “மாரி, பளியன்.” குருவனின் அப்பா. அந்தப் பக்கத்தைக் கையால் நகலெழுதி வனக்காவலரிடம் சான்றொப்பம் வாங்கினேன்.

4. கோட்டாட்சியர் முன்

அறிக்கையைக் கோட்டாட்சியரே முழுவதும் படித்தார். நிமிர்ந்து பார்த்தார். “நாளைக்கு விஜிலென்ஸ் வந்தா நீங்கதான் பதில் சொல்லணும். தெரியுமில்ல?”

“தெரியும் சார்.” சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். கெடு முடிகிற நாள் காலை செல்லத்தாய் மதுரை பஸ் ஏறினாள். இடம் கிடைத்தது.

என் பயம் அதோடு தீரவில்லை. இரண்டு மாதத்தில் நான் கை நீட்டிக் காசு வாங்கிச் சான்று கொடுத்ததாக மொட்டை பெட்டிஷன் போனது. விசாரணை இரண்டு வருஷம் நடந்தது. தினமும் தபால் வரும் நேரத்தில் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் அந்தச் செக்போஸ்ட் நகல்தான் என்னைக் காப்பாற்றியது. செல்லத்தாய் அதற்குள் இறுதியாண்டுக்கு வந்திருந்தாள்.

இன்று ஆர்.ஐ.யாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. பயம் வரும், வரட்டும். பயத்தோடேயே நேரில் போய்ப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். அரசாங்கம் கல்லூரிக் கதவைத் திறந்து வைத்திருந்தபோது, மனுவின் ஓரத்தில் ஒரு வரி எழுதி அதை மூடியவள் நான்.

விசாரணை முடிந்த பிறகு ஒரு நாள் பழைய மனுப் பதிவேட்டைப் புரட்டினேன். அதே வரி, என் கையெழுத்தில், இன்னும் சில பெயர்களுக்கு எதிரே இருந்தது. செல்லத்தாய் மூன்று முறை வந்தாள். அவர்கள் ஒரு முறைதான் வந்திருந்தார்கள்.