முதல் பந்தியில் பெண்கள் அணி

எனக்குக் கோபம் வந்தால் பசிக்கும். பசித்தால் இன்னும் கோபம் வரும். இரண்டும் ஒன்றாக உச்சிக்கு ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பதினெட்டு வயது. சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மைதானம். அதில் ஒரு சின்னக் கால்பந்து கிளப். அந்தக் கிளப்பில் பையன்கள் அணி ஒன்று, எங்கள் அணி ஒன்று.

கிளப் ஒன்றுதான், கவனிப்புதான் இரண்டு. பையன்களுக்கு வருஷா வருஷம் புது பூட்ஸ், புது பனியன், முழங்கால் வரைக்கும் சாக்ஸ். மேட்ச் அன்று ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். எங்களுக்கு அவர்கள் போன வருஷம் போட்டுக் கிழித்த பனியன். பந்தும் அவர்கள் கழித்துப் போட்டதுதான். ஒட்டுப் போட்ட பிளாடர் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு, நேராக உதைத்தாலும் கார்னர் பக்கமாகவே போகும். பூட்ஸ் கிடையாது, வெறுங்கால். முட்டை கிடையாது, கடலை மிட்டாய். அதுவும் ஒன்றே ஒன்று.

"பொண்ணுங்களுக்கு முட்டை சூடும்மா" என்பார் கிளப் செயலாளர். நாமக்கல்லிலிருந்து அட்டை அட்டையாக முட்டை வந்து இறங்குகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பேச்சு! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செயலாளர் கெட்டவர் இல்லை. ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயிலில் பாட்டுக்குழுவுக்கு அவர்தான் தலைவர். அவர் குரல் எழுந்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்கள்கூட எழுந்துவிடுவார்கள். கிளப்புக்குப் பணம் வந்ததும் அவர் மூலமாகத்தான். பரமத்தி வேலூரில் பெரிய வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் கூடை கூடையாக வெற்றிலையை ரயிலில் வடக்கே அனுப்புவார். வண்டி தாமதமான நாட்களில் நேரம் போகாமல் எங்கள் மைதானத்துக்கு வந்து நிற்பார். அப்படி நின்று நின்று கால்பந்துப் பைத்தியம் பிடித்துப்போய், வருஷத்துக்கு ஒரு முறை கிளப்புக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தார். அதைச் சும்மா கவரில் போட்டுக் கொடுக்க மாட்டார். கிடா வெட்டி, கிளப்பையே வீட்டுக்குக் கூப்பிட்டு, வயிறு நிறையச் சோறு போட்டுத்தான் கொடுப்பார். நாங்கள் அவரை ஐயா என்போம்.

அந்த வருஷம் திருச்சியில் பெண்களுக்கென்றே ஒரு போட்டி வைத்தார்கள். பேர் கொடுக்கலாம் என்று கடிதம் வந்ததும் நாங்கள் மைதானத்தில் குதித்த குதியில் புழுதி அடங்கக் கால் மணி ஆனது. கடிதத்தின் கடைசி வரியை அப்புறம்தான் படித்தோம். பூட்ஸ் இல்லாமல் களத்தில் இறங்க விட மாட்டார்களாம். செயலாளரிடம் ஓடினோம். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றார். அவருடைய மூன்றாவது அடுத்த வருஷம் அது.

என் அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். அவரிடம் பூட்ஸ் கேட்டேன். "பசங்களுக்குக் கிளப் வாங்கித் தருது. உனக்கு மட்டும் நான் ஏன் வாங்கணும்? உன்னையும் ஒரு ஆட்டக்காரின்னு கிளப் நெனச்சா, கிளப் வாங்கித் தரட்டும். இல்லேன்னா இந்த மாசத்தோட பந்து போதும், டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போ" என்றார். டைப்ரைட்டிங்! எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. பொய். இரண்டு மடங்கு இறங்கியது.

விருந்து நாள் வந்தது. முதல் பூசை முடிந்ததும் ஐயா அனுப்பிய லாரியில் இரண்டு அணியும் ஏறினோம். எங்களைக் கூப்பிட்டதே பந்தியில் தண்ணீர் வைக்கத்தான். "பசங்க மொதப் பந்தி. நீங்க பரிமாறிட்டு அப்புறமா சாப்பிடுங்க" என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில், பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கும் வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. பூசை முடிந்த கையோடு லாரி. போன வருஷம் இரண்டாம் பந்தியில் எங்களுக்குக் கிடைத்தது எலும்பும் குழம்பின் அடிவண்டலும்தான். நாமக்கல் தாண்டுவதற்குள் என் வயிறு வாய்விட்டுப் பேச ஆரம்பித்தது.

பரமத்தி வேலூரில் இறங்கியதும் பையன்கள் செய்த முதல் வேலை, பம்ப்செட் தொட்டியில் தொபுக்கென்று குதித்தது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரே கும்மாளம். இங்கே வீட்டுக்கு முன்னால் இருந்த களத்தில் பந்தல் போட்டு, பாய் விரித்து, பன்னிரண்டு தலைவாழை இலை. பதினொரு பையன்கள், ஒரு செயலாளர். ஐயா எங்களைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"வாங்க சாமி, வாங்க. கை கழுவீட்டு உக்காருங்க" என்றார்.

யார் வந்தாலும் அவர் வாயில் தானாக வருகிற உபசாரம் அது. எந்தப் பெண்பிள்ளையும் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்ததில்லை. எங்கள் கேப்டன் உட்கார்ந்தாள். சப்பணம் போட்டு, நட்டநடு இலையில்! அவள் உட்கார்ந்ததைப் பார்த்து நான் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து மற்றவர்கள். பதினொரு பேரும் பதினொரு இலையில். சிரிப்பை அடக்க முடியாமல் எங்கள் கோல்கீப்பர் தாவணியை வாயில் திணித்துக்கொண்டாள்.

செயலாளர் ஓடி வந்தார். "ஏய், எழுந்திரிங்க! ஐயாவுக்கு முன்னால என்ன இது?"

ஐயாவுக்கு முகம் மாறிவிட்டது, ஆனால் கோபம் எங்கள் மேல் இல்லை. "இலையில உக்காந்தவங்களை எழுப்பக் கூடாதுங்க" என்றார். அந்தப் பக்கத்தில் அது சட்டம் மாதிரி. எதிரியே வந்து உட்கார்ந்தாலும் சோறு போட்டுத்தான் அனுப்புவார்கள். "போடுங்கப்பா" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

வந்தது. சோறு, கறிக்குழம்பு, வறுவல், நாட்டுக்கோழி. அடேயப்பா, அந்த வாசனை! நான் கையை நீட்டியேவிட்டேன். கேப்டன் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"ஐயா, ஒரு ஜெபம் சொல்லிட்டுச் சாப்பிடறோங்க" என்றாள்.

"தாராளமா சொல்லுங்க சாமி" என்று ஐயா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். பரிமாறியவர்களும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார்கள்.

எங்கள் கேப்டன் கோயிலில் மன்றாட்டு வாசிக்கிறவள். பூசையில் ஒருவர் ஒவ்வொரு வேண்டுதலாக வாசிக்க, சபை முழுவதும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும். ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து கேட்டுக் கேட்டு எங்களுக்கு அது மூச்சு மாதிரி. வேண்டுதல் முடிந்தால் வாய் தானாகத் திறக்கும். அணியில் பாதிப் பேர் இந்துப் பெண்கள். எங்களோடு பழகி அவர்களுக்கும் பாடம்.

"இந்த வீட்டாரின் கொடிக்கால் செழிக்க வேண்டுமென்று..." என்று ஆரம்பித்தாள். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றோம். ரயில்வே ஊழியர்களுக்காக ஒன்று. மழைக்காக ஒன்று. அதற்குள் பையன்கள் ஈரத் தலையோடு வந்து சேர்ந்தார்கள். தங்கள் இலையில் நாங்கள்! ஒருவன் கத்த வாயெடுத்தான். ஜெபம் நடப்பது தெரிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். ஜெபத்தின் நடுவில் சண்டை போடுவானா கோயில் பிள்ளை?

கேப்டன் இதற்காகத்தான் காத்திருந்தாள். குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"இந்தக் கிளப்புக்கு ஐயா தரும் பணம் இனிமேல் பையன்கள் அணிக்குப் பாதி, பெண்கள் அணிக்குப் பாதி என்று சரிசமமாகப் பிரிக்கப்படவும், நாங்கள் பூட்ஸ் போட்டுத் திருச்சிக்குப் போகவும் வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

நாங்கள் மட்டும் சொல்லவில்லை. பையன்களும் சொன்னார்கள். பழக்க தோஷம்! எல்லோருக்கும் மேலே, பாட்டுக்குழுத் தலைவரின் கணீர்க் குரலில், செயலாளர் சொன்னார். இந்த நாலு வேண்டுதலில் பாடம் பிடித்துக்கொண்ட ஐயாவும் "கேட்டருளும்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் செயலாளருக்கு உறைத்தது. திறந்த வாய் திறந்தபடியே நின்றது. எனக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

ஐயா கண்ணைத் திறந்தார். "ஏனுங்க, பூட்சு சமாச்சாரமெல்லாம் உங்க ஜெபத்துல வருமுங்களா?"

செயலாளர் வழிந்தார். பிறகு உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. யாருக்கு முட்டை, யாருக்குக் கடலை மிட்டாய் எல்லாம் வெளியே வந்தது. "பசங்கதாங்கய்யா பேரு வாங்கித் தராங்க" என்றார் கடைசியில்.

ஐயா தாடையைச் சொறிந்தார். "பொம்பளப் புள்ளைங்க ஓடறதைத் தப்புன்னு சொல்லலீங்க. ஆனா பாதின்னா பசங்களுக்குக் கொறஞ்சு போகுமுங்களே. அடுத்த வருசம் பாக்கலாமுங்களா?"

அடுத்த வருசம்! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆவேசம் வந்ததோ, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "அப்ப எங்களுக்குச் சோறு வேண்டாங்க" என்றேன். பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, குரல் மட்டும் ஓங்கி வந்தது. பதினொரு ஜோடிக் கையும் மடிக்குப் போயின. போட்ட சோற்றைத் தொடாமல் விருந்தாளி எழுந்தால் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று எங்களுக்குத் தெரியும். ஐயா வெலவெலத்துப் போனார். குழம்பின் மேல் கொழுப்பு உறைய ஆரம்பித்தது. தாயே, நான் அழுதுவிடுவேன் போலிருந்தது.

அப்போது சமையல்கட்டிலிருந்து ஐயாவின் வீட்டுக்காரம்மா வந்தார். விடியலிலிருந்து அடுப்படியில் நின்ற முகம், சிவந்து கிடந்தது. கையிலிருந்த கரண்டியை ஒரு பையனிடம் கொடுத்தார். நேராக வந்து, செயலாளருக்குப் போட்டிருந்த பன்னிரண்டாவது இலையின் முன்னால் உட்கார்ந்தார்.

"எனக்கும் போடுங்க. அம்மிணிக சாப்புட்டாத்தான் நானும் கை வெப்பேன்."

"ஏனம்மிணி, நீயுமா?" என்றார் ஐயா.

"இலையில உக்காந்துட்டனுங்க. எழுப்புவீங்களா?"

ஐயா எங்களைப் பார்த்தார், அந்தம்மாவைப் பார்த்தார், உறைகிற குழம்பைப் பார்த்தார். "செரி. பாதிக்குப் பாதி. இத்தனை பேரு முன்னால சொல்றேன். சோறு ஆறுது, சாப்புடுங்க சாமி!" என்று கத்தினார்.

நாங்கள் போட்ட கூச்சலில் களத்துக் கோழிகள் வேலியைத் தாண்டின. சொன்ன சொல் நின்றது. அந்த மாதமே பூட்ஸ் வந்தது. கிளப் ரசீதை அப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போய்ட்டு வா" என்றார். திருச்சியில் முதல் ஆட்டத்திலேயே ஐந்துக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒன்று நான் போட்டது. டைப்ரைட்டிங் எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றைக்கு நாங்கள் சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே! பேச்சு மூச்சில்லை. மோர் வரைக்கும் முடித்துவிட்டு நிமிர்ந்தோம். பந்தியில் கடைசி ஆள் முடிக்கும் வரை யாரும் எழக் கூடாது. கடைசி ஆள் அந்தம்மாதான். ஒவ்வொரு எலும்பாக எடுத்து நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தார். எதிரே பதினொரு பையன்களும் செயலாளரும் தலை காய்ந்து வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

ஐயா மெல்லக் கிட்டே வந்தார். "பசங்க பசியோட நிக்கறாங்க. கொஞ்சம் வெரசா..."

"நிக்கட்டுங்க. இந்த ஊட்டுக்கு வந்து முப்பது வருசத்துல இன்னிக்குத்தான் சூடா சாப்புடறேன்" என்றார் அந்தம்மா, தலையை நிமிர்த்தாமல். "நான் இன்னும் ரசத்துக்கே வரலீங்க."

ஐயா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தானே குனிந்து ரச வாளியைத் தூக்கினார்.