கம்ப்யூட்டர் பேசாமல் போன மாதம்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். மனு, பயோடேட்டா, வாடகை ஒப்பந்தம், வளைகாப்புப் பத்திரிகை, எது கேட்டாலும் அடித்துக் கொடுப்பேன். கடையில் இரண்டு கம்ப்யூட்டர். இரண்டிலும் விண்டோஸுக்குப் பதில், காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ்தான். கொள்கைக்காகப் போட்டதல்ல. வருகிறவர்களின் பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, முன்பெல்லாம் மாதத்தில் பாதி நாள் கம்ப்யூட்டர் படுத்தே கிடக்கும். கல்லூரியில் கூடப் படித்தவள் ஒருத்தி போனில் வழி சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை பயந்துகொண்டே மாற்றினேன்.

வைரஸ் போனது. வேறு தொல்லைகள் வந்தன. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். புதுப் பிரின்டர் வாங்கினால் அதோடு பேசவைக்க அரை நாள் போகும். "எல்லா கடையிலயும் தொறக்குது, உங்க கடையில மட்டும் ஏங்க தொறக்கல?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆனாலும் எனக்கு அது பிடித்துப்போனது. ஒன்று கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று தேடிப் பார்க்கலாம். எங்கேயோ ஒருவர் அதற்குப் பதில் எழுதிவைத்திருப்பார்.

என் அண்ணன் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். டவுனிலிருந்து மளிகையும் சிமென்ட்டும் ஏற்றிக்கொண்டு கரியாலூருக்கும் அதைத் தாண்டியும் மலையேறுவான். இறங்கும்போது மலையிலிருந்து கடுக்காயும் மரவள்ளியும் வரும். எங்கள் ஊர்ப் பெயர் எல்லா டிவியிலும் ஓடிய அந்த வாரத்தில், லோடு இறக்கிய அசதிக்கு என்று கருணாபுரம் பக்கம் போய் அவனும் அவனோடு இருந்த லோடுமேனும் அந்த விஷச் சாராயத்தைக் குடித்தார்கள். லோடுமேன் மறுநாள் இறந்துபோனார். அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தான். கண் திரும்பவில்லை. முதலில் பனி மூட்டம் போல இருக்கிறது என்றான். அப்புறம் அதுவும் இல்லை என்றான்.

வீட்டில் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். யார் வந்தாலும் பேசமாட்டான். குடிச்சுத்தானே போச்சு என்று ஊர் நினைக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். அண்ணி ஒரு நாள் கடைக்கு வந்து, "இப்டியே இருந்தா அவுரு ரொம்ப நாள் இருக்கமாட்டாருங்க" என்றார். எங்கள் வீட்டில் என்னை அவர் வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

கடையின் இரண்டாவது கம்ப்யூட்டரில், திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் மென்பொருள் ஏற்கெனவே இருந்தது. லினக்ஸோடு சும்மா வந்தது. அதுவரை எனக்கு அது தேவைப்படாததால் திறந்ததே இல்லை. தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்துவிட்டு அண்ணனைக் கடைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தேன்.

கொஞ்ச நேரம் கேட்டான். "இன்னாம்மா இது, மூக்கடைச்சவன் பேசறாப்பல இருக்குது."

"குரலு அப்டித்தாண்ணா. கேக்கக் கேக்கப் பழகிடும்."

"பழகி இன்னா பண்ணப்போறேன்?"

அவன் கையைப் பிடித்து விசைப்பலகையில் வைத்தேன். நடு வரிசையில் இரண்டு விசைகளில் சின்ன மேடு இருக்கும். தமிழ் 99 என்ற விசை முறையில் இடது மேட்டில் புள்ளி, வலது மேட்டில் ப. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. "கியர் ஒரு கை, ஸ்டியரிங் ஒரு கைங்கற" என்றான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் வண்டியைப் பற்றிப் பேசியது அன்றுதான்.

மழைக்காலம் முடிவதற்குள் என்னைவிட வேகமாக அடிக்கத் தொடங்கினான். நான் விசைகளைப் பார்த்து அடிப்பவள். அவனுக்கு அந்தப் பழக்கம் வர வழியே இல்லை. மலையிலிருந்து சாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் மனு எழுத வருகிறவர்களுக்கு அவனை முன்பே தெரியும். ஸ்டூலை அவன் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். அவன் நான் கேட்காத கேள்விகளைக் கேட்பான். "ஓடைக்கு அந்தாண்ட நெலமா, இந்தாண்டயா? புளியமரம் உங்க வரப்புல இருக்குதா, அவங்க வரப்புல இருக்குதா?" எல்லாம் தெரிந்த இடங்கள். அவன் எழுதிய மனுவில் நிலம் கண்ணுக்குத் தெரியும். அண்ணிக்கு முகம் தெளிந்தது. சாயங்காலம் அவனைக் கூட்டிப்போக வந்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்.

அந்தக் குரலோடு மட்டும் அவனுக்குத் தீராத சண்டை. "பகல்னு அடிச்சா பக்கல்ங்குது. யாராவது பக்கல்னு சொல்லுவானா?" அதைச் செய்தவர்களுக்கு எழுதிக் கேட்கலாம் என்றேன்.

"யாரு அவங்க? கம்பெனியா?"

"கம்பெனி இல்லண்ணா. வேலை முடிஞ்சு வூட்டுக்கு வந்து சும்மா செய்யறவங்க."

அவன் அதை நம்பவில்லை. அவன் சொல்லச் சொல்ல, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் எழுதி அனுப்பினேன். எந்த நாட்டிலிருந்தோ ஒருவர் பதில் எழுதினார். தமிழ் தெரியாதவர். தப்பாக வரும் சொற்களைச் சரியாகப் பேசிப் பதிவு செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். அண்ணன் கடை ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லி, பஸ் ஹாரன் ஓய்ந்த நேரம் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசினான். ரேடியோக்காரர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான். சில மாதம் கழித்து வந்த அப்டேட்டில் குரல் பகலைப் பகல் என்றே சொன்னது. அண்ணன் அதே சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "நான் சொன்னதக் கேட்டு ஒர்த்தன் மாத்திக்கிறான் பாரு" என்றான்.

அடுத்த கோடையில், கடையில் இருந்த லினக்ஸ் பதிப்புக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று அறிவிப்பு வந்தது. முதலில் அண்ணன் உட்காரும் கம்ப்யூட்டரை முறைப்படி புதிய பதிப்புக்கு மாற்றினேன். எல்லாம் நன்றாக ஏறியது. திரை அழகாக இருந்தது. பாட்டு போட்டால் பாடியது. படித்துக்காட்டும் குரல் மட்டும் வரவில்லை.

அண்ணன் விசைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்பீக்கர் வயர் புடுங்கிக்கிச்சா?" என்றான். இல்லை என்றேன். இணையத்தில் கேட்டதற்கு, "என் கம்ப்யூட்டரில் நன்றாக வருகிறதே" என்று இரண்டு பேர் எழுதினார்கள். அந்தப் பதிலைப் போல எரிச்சல் தருவது வேறில்லை. மூன்றாவது ஒருவர்தான், இது உண்மையான கோளாறு, சில பழைய மாடல்களில் வருகிறது, பார்க்கிறோம் என்றார். சில சோதனைகளைச் செய்து முடிவை அனுப்பச் சொன்னார்.

"நான் பழைய பதிப்பையே திரும்பப் போட்டுடறேண்ணா. சாயங்காலத்துக்குள்ள பேசிடும்."

"போட்டுட்டா, அவுரு கேக்கற சோதனைய எதுல செய்வ?"

"செய்யமுடியாது."

"அப்ப வேணாம். என்னாட்டம் இன்னும் எவனெவன் உக்காந்துகினு இருக்கானோ. சரி பண்ணட்டும். நான் வூட்ல இருக்கறேன்."

அவன் சொன்னது நியாயமாக இருந்தது. அவன் அப்படிச் சொன்னதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இன்னொரு கம்ப்யூட்டர் நான் வேலை பார்ப்பது. அதை அவனுக்கு விட்டுக்கொடுத்தால் கடை ஓடாது. ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று இருவருமே நினைத்தோம்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மூன்றாவது ஆள், குழந்தைக்கு உடம்பு சரியில்லை, இந்த வாரம் பார்க்க முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். சும்மா செய்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? காசு கொடுத்து வாங்கியிருந்தால் கத்தியிருப்பேன். கத்தியிருந்தால் மட்டும் சரியாகியிருக்குமா என்றும் தெரியவில்லை.

அதற்குள் அண்ணன் வீட்டில் வேறொன்று நடந்தது. திருப்பூரில் இருக்கும் அண்ணியின் தம்பி ஊருக்கு வந்தவர், அண்ணனுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அது தானாகவே பேசியது. பெண் குரல், மூக்கடைப்பே இல்லாத தமிழ். செய்தி என்றால் செய்தி, கிரிக்கெட் என்றால் கிரிக்கெட். வாயால் கேட்டால் போதும், விரலுக்கு வேலை இல்லை.

கோளாறு சரியாகி, குரல் திரும்பிய அன்று ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணன் கடைக்கு வந்தான். விசைப்பலகையில் கை வைத்து மேட்டைத் தேடினான். நாலைந்து வரி அடித்தான். தப்பு நிறைய வந்தது. குரல் அதைத் தப்பாகவே படித்தது.

"கை மறந்துபோச்சும்மா."

"ரெண்டு நாள்ல வந்துடும்ணா. மனு எழுத ஆளுங்க கேட்டுகினே இருக்காங்க."

"பாக்கலாம்" என்றான். இரண்டு நாள் வந்தான். அதற்கப்புறம் வெயில் ஜாஸ்தி என்றான், அப்புறம் மழை என்றான். நான் வற்புறுத்தவில்லை. கண் போனவனை வேலைக்கு வா என்று எத்தனை தடவைதான் கூப்பிடுவது?

அவனுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை என்றுதான் அண்ணி சொல்கிறார். கோபமில்லை, சுவரைப் பார்த்து உட்காருவதில்லை. உலகத்தில் நடப்பது எல்லாம் தெரிந்திருக்கிறது. அது உண்மைதான். ஆனால் அவன் எழுதுவதில்லை. ஒரு நாள் போன் குரல் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரைக் கண்டபடி உடைத்துச் சொன்னது. அண்ணன் முகம் சுளித்ததைப் பார்த்தேன். "தப்பா சொல்லுதேண்ணா" என்றேன். "சொல்லிட்டுப் போவுது. இதுல யாருகிட்டம்மா போய் சொல்றது?" என்றான்.

நல்ல காரியம் என்று நினைத்துக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில்தான் அவன் கையைவிட்டுப் போனான். காத்திருக்கச் சொன்னதும் அவனே. பழைய பதிப்பைப் போட்டிருந்தால், அவன் இன்றைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து, வரப்புப் புளியமரத்தைப் பற்றி யாரையோ விசாரித்துக்கொண்டிருப்பான். வேறெங்கோ ஒருவருக்குக் குரல் வராமலே இருந்திருக்கும். இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

இப்போது புதிய பதிப்பு வெளிவருவதற்கு முன்னால் அதன் சோதனைப் பதிப்பை அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். மானிட்டரை அணைத்துவிட்டு, காதை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு மனுவை முழுதாக அடித்துப் பார்க்கிறேன். வராததை எழுதி அனுப்புகிறேன். போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அண்ணனும் அண்ணியும் கடைக்குள் வந்தார்கள். குரலைக் கேட்டுவிட்டு அண்ணன் நின்றான்.

"யாரு அடிக்கறது?"

"நான்தாண்ணா."

"ரொம்ப மெதுவா அடிக்கற" என்றான். கொஞ்ச நேரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். டோக்கன் போட்டிருக்கிறது, நேரமாகிறது என்று அண்ணி சொல்ல, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.