ஐம்பத்தெட்டுப் புள்ளி

மாமி சொன்னதை அம்மா நம்பவில்லை. மாமி அப்பாவின் அக்கா. வசதியான புறநகரான கர்க்லாண்டில் சொந்த வீடு. அவருடைய மகளுக்கு நல்ல சேஜெப் ஒன்றில் விஞ்ஞானப் பிரிவு கிடைத்திருந்தது. சேஜெப் என்பது பல்கலைக்கழகத்துக்கு முன் இந்தப் பிரெஞ்சு மாகாணத்தில் படிக்க வேண்டிய கல்லூரி. நல்லவற்றில் இலேசில் இடம் கிடைக்காது. அந்தக் கொண்டாட்டத்தில் ரோல்ஸ் தட்டை நீட்டியபடி மாமி சொன்னார்: "முதல் மூண்டு வருஷப் புள்ளியளை ஒருத்தரும் பாக்கிறேல்லை. நாலாம், அஞ்சாம் வருஷம்தான் பாப்பினம்."

நாங்கள் இருந்த லாசாலுக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா பொருமினார். "உண்மையெண்டால் தன்ர பிள்ளையை ஏன் முதலாம் வருஷத்திலயிருந்து டியூசனுக்கு விட்டவ? நீ படிக்காமல் கிடக்கவேணும், அதுதான் அவவின்ர எண்ணம்."

எனக்கும் மாமிமேல் சந்தேகம்தான். ஆனால் அவர் சொன்னது வசதியாக இருந்தது. நான் அப்போது ஐந்து வருட உயர்பள்ளியில் மூன்றாம் வருடம். கணக்கில் ஐம்பத்தெட்டு. அறுபது எடுத்தால்தான் சித்தி.

பெற்றோர் சந்திப்புக்கு அம்மாவின் மொழிபெயர்ப்பாளராகப் போனேன். எங்கள் வீட்டில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை கொஞ்சம் கூடவே இருந்தது. கணக்கு ஆசிரியை நிதானமாக விளக்கினார். சேஜெப்புகள் பார்ப்பது கடைசி இரண்டு வருடங்களைத்தான். ஆனால் விஞ்ஞானம் படிக்க, நாலாம் வருடத்தில் கடினமான கணக்கு எடுத்திருக்க வேண்டும். அந்த வகுப்புக்கு யாரை எடுப்பது என்பதை இந்த வருடப் புள்ளியை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள்.

மாமி சொன்னது பொய்யல்ல, பாதி. நானும் அந்தப் பாதியை மட்டும் தமிழில் சொன்னேன்.

அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "அவ அவ்வளவு நேரம் கதைச்சவ. நீ கொட்டாவி விடுற நேரத்துக்குள்ள முடிச்சிட்டாய்?"

"பிரெஞ்சு நீளமான பாஷை, அம்மா."

அம்மா தேர்ச்சி அறிக்கையை ஆசிரியையின் பக்கம் திருப்பி, ஐம்பத்தெட்டின்மேல் விரலை வைத்து, "ப்ரொப்ளெம்?" என்று கேட்டார். அவர் வேலை செய்த தொழிற்சாலையில் பெல்ட் நின்றால் மேற்பார்வையாளர் கேட்கும் சொல் அது.

"உய், மதாம்," என்று தலையாட்டினார் ஆசிரியை. "ப்ரொப்ளெம்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா குளிரங்கியைக்கூடக் கழற்றாமல் மாமிக்குத் தொலைபேசி எடுத்தார். எனக்குத் தெரிந்து அவராக மாமியை அழைத்தது அதுதான் முதல் தடவை.

"மச்சாள், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்க எனக்குத் தெரியாது. உங்கட மகள் சனிக்கிழமையில பாப்பாளோ?"

குசினி வாசலில் நின்று கேட்ட எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் கர்க்லாண்டுக்குப் போனேன். மாமியின் மகள் இரக்கமே இல்லாமல் சொல்லித் தந்தாள். மாமி தந்த தேநீரைக்கூடச் சந்தேகத்தோடுதான் குடித்தேன். யூன் மாதம் எழுபத்தொன்பது வந்தது. கடினமான கணக்கு வகுப்பும் கிடைத்தது; பிறகு சேஜெப்பில் விஞ்ஞானமும்.

அந்தக் குளிர்காலத்தில் அம்மாவோடுதான் பல நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என் ஐம்பத்தெட்டை மாமியிடம் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று கோபம். ஆனால் அந்த அழைப்பில் என் புள்ளியைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. அம்மா சொன்னது தன்னைப் பற்றி, தனக்குத் தெரியாது என்று. வாசலில் நின்ற எனக்கு அது தெளிவாகக் கேட்டது. அப்போது விளங்கத்தான் இல்லை.