பதில் வராத கேள்வியும் பன்னிரண்டு கணினிகளும்

கணினிக்குக் கொம்பைலர் மாற்றுகிறவனை நன்றி சொல்லவென்று ஒருவரும் தேடி வந்ததில்லை. திட்டுவதற்கு மட்டும் உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வருவார்கள். ஊரார் பாவிக்கிற ஒன்றைத் திருத்துகிறேன் என்று கைவைத்து, வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களுக்குள்ளும் இருப்பீர்கள். அது தண்ணீர்க் குழாயாக இருக்கலாம், கோயில் ஒலிபெருக்கியாக இருக்கலாம், சனசமூக நிலையத்தின் யாப்பு விதிகளாகவும் இருக்கலாம். சகபாவிகளே, உங்களை நம்பித்தான் இதைச் சொல்ல வருகிறேன்.

மாமாவின் யோசனை

என் வேலையை விளக்குவதில்தான் நான் முதலில் தோற்பேன். கணினியை இயக்குகிற அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். எங்கள் பாடப்புத்தகங்கள் அதற்குப் பணிசெயல் முறைமை என்று பெரிய பெயர் வைத்திருக்கின்றன. நான் வேலை செய்கிற இயங்குதளம் திறந்த மூலம்; யாரும் எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே பார்க்கலாம், திருத்தலாம். பல நாடுகளில் சிதறி இருக்கிற நூறு பேர்வரை அதைப் பராமரிக்கிறோம். அதில் ஒருவன் உடுப்பிட்டி என்ற சிற்றூரில் இருக்கிறான். அது நான்.

மனிதர் எழுதுகிற நிரலை இயந்திரத்துக்கு விளங்குகிற கட்டளைகளாக மாற்றித் தருவது கொம்பைலர். எங்கள் இயங்குதளத்தோடு அதுவும் சேர்ந்தே வரும், இயங்குதளத்தின் ஒவ்வொரு துண்டையும் ஆக்குவதும் அதுதான். கொம்பைலரை எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் புதிய பதிப்பை வெளியிட்டால், பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை எங்கள் இயங்குதளத்துக்குள் பூட்டுவது என் பங்கு. இவ்வளவையும் ஒருநாள் என் மாமனாருக்கு, இளைப்பாறிய தபாலதிபருக்கு, அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“அப்ப நீர் மொழிபெயர்ப்பாளர். அதை முதலே சொல்லியிருக்கலாமே தம்பி! அரசாங்கக் கச்சேரியிலை வெற்றிடம் இருக்காம், ஒரு விண்ணப்பத்தைப் போட்டுவிடுமன்.”

வதனி ரீச்சரின் ஆய்வுகூடம்

எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம் போனால் ஒரு பள்ளிக்கூடம் வரும். அங்கே தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவர் வதனி ரீச்சர். வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் தாங்கள் கழித்த கணினிகளில் பன்னிரண்டைக் கப்பலில் அனுப்பியிருந்தார்கள். வந்து இறங்கும்போதே அவற்றுக்கு வயதாகிவிட்டிருந்தது. எந்தப் புதிய இயங்குதளத்தைப் போட்டாலும் மூச்சு வாங்கும், அல்லது தொடக்கத்திலேயே நின்றுவிடும். ரீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போய் எங்களுடைய இயங்குதளத்தைப் போட்டேன். பன்னிரண்டும் எழும்பி நின்றன.

அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும், அதை எப்படி ஏற்றுவது என்று ஒரு தாளில் படிமுறையாக எழுதிக் கொடுத்தேன். ரீச்சர் அதைச் சுவரில் ஒட்டினார். “ஏத்தேக்கை பிழைச்சா என்ன செய்யிறது?” என்று கேட்டார். “சொன்னபடி செய்தா ஒருநாளும் பிழைக்காது” என்றேன் நான். எங்கள் ஆட்கள் பழைய இயந்திரங்களைக் கைவிடமாட்டார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். கேளாமலே கொடுத்த வாக்கு அது. ரீச்சர் சந்தோஷப்பட்டுப்போனார்:

“அது காணும் அண்ணை. லாப்பைப் பூட்டிப்போட்டு அந்த அறையை வேறை ஏதுக்கும் எடுக்கப்போகினம் எண்டு பிள்ளையள் பயந்துகொண்டிருந்ததுகள். இனி ஒருத்தரும் உதிலை கைவைக்கேலாது எண்டு சொல்லிப்போட்டன்.”

மாறியது யார்?

கடந்த முறை வந்த கொம்பைலர் கொஞ்சம் கண்டிப்பானது. பழையது பார்த்தும் பார்க்காததுபோல விட்ட பிழைகளை எல்லாம் இது பிடித்து வெளியில் போட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். நேற்றுவரை ஓடிய நூற்றுக்கணக்கான நிரல்கள் இன்றைக்கு ஆக்கப்பட மறுத்தன. அவற்றை எழுதினவர்கள் தங்கள் நிரலைத் திறந்து பார்க்கவில்லை, என் முகவரியைத்தான் தேடிப்பிடித்தார்கள்.

ஒருவருடைய நிரலில் பிழை இத்தனை வருடமாக உறங்கிக்கொண்டிருந்தது. எந்த வரி, ஏன் பிழை, எப்படித் திருத்தலாம் என்று எல்லாம் எழுதி அனுப்பினேன். நான் எழுதியது ஒரு பக்கம். அவர் ஆங்கிலத்தில் எழுதிய பதில் இரண்டு வரி, தமிழில் இப்படி வரும்:

“போன கிழமை இது ஓடியது. போன கிழமைக்கும் இந்தக் கிழமைக்கும் இடையில் என் பக்கத்தில் ஒன்றும் மாறவில்லை, மாறியது நீதான்.”

இடி

புதிய கொம்பைலரால் முழு இயங்குதளத்தையும் ஆக்கிப் பார்க்க என் கணினிக்கு ஒன்பது மணித்தியாலம் வேண்டும். ஒரு துண்டு பிழைத்தால் திருத்திவிட்டுத் திரும்பத் தொடங்கவேண்டும். அது ஐப்பசி மாதம். பின்னேரமானால் தொண்டைமானாற்றுப் பக்கம் கறுக்கும், இடி முழங்கும், என் மனைவி வந்து வயரைக் கழற்றச் சொல்லுவாள். பதிப்பு வெளியாகிற நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் எட்டு மணித்தியாலம் ஓடி முடிந்துவிட்டது. இன்னும் ஒரு மணித்தியாலம் பொறு என்று கெஞ்சினேன். அவள் சுவரில் இருந்த பிளக்கைத் தானே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

“உங்கடை சாமான் நாளைக்குத் திரும்பவும் செய்யும். கூரையிலை இடி விழுந்தா அதை ஆர் திரும்பச் செய்யிறது?”

இரண்டு கிழமை

சகபாவிகளே, இனித்தான் வருகிறது நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. கொம்பைலரை அப்படியே எடுத்துப் பூட்ட முடியாது. எங்களுக்கு வேண்டியபடி அதில் நாங்கள் செய்துவைத்திருக்கிற சின்னச் சின்னத் திருத்தங்கள் இருக்கும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அவற்றைப் புதிய பதிப்புக்குள் கொண்டுபோகவேண்டும். எல்லாம் வந்தது, ஒன்று மட்டும் வரவில்லை. செயலி என்பது கணினியின் மூளை; மிகப் பழைய செயலிகளுக்குச் சில புதிய கட்டளைகள் தெரியாது. அந்தக் கட்டளைகளை அவற்றுக்குக் கொடுக்காதே என்று கொம்பைலரைத் தடுக்கிற திருத்தம் அது. புதிய பதிப்பில் அந்த இடமே மாறிவிட்டிருந்தது. திருத்தத்தை முதலிலிருந்து எழுதவேண்டும். இடியாலும் மழையாலும் எனக்கு ஏற்கெனவே நாட்கள் போய்விட்டிருந்தன.

இப்படியான நேரத்துக்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. “இதை யாராவது இன்னும் பாவிக்கிறீர்களா?” என்று, சேர்ந்திருக்கிற எல்லோருக்கும் மின்னஞ்சல் போகிற மடல்குழுவில் கேட்போம். இரண்டு கிழமை பார்ப்போம். பதில் வராவிட்டால் வெட்டிவிடுவோம். மௌனம் சம்மதம். நானும் கேட்டேன், நல்ல ஆங்கிலத்தில், மரியாதையாக. காத்திருந்த நாட்களில் ஒருநாள், அந்த மடல்குழுவில் இல்லாத வதனி ரீச்சரின் கணினிகள் ஞாபகத்துக்கு வரத்தான் வந்தன. அவை அவ்வளவு பழசாக இராது என்று நினைத்துக்கொண்டேன். பத்து நிமிடப் பயணம். போயிருக்கலாம். ஒரு ரெலிபோன் எடுத்திருந்தாலும் போதும், செயலியின் பெயரை ரீச்சர் வாசித்துச் சொல்லியிருப்பார். இதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. மறந்திருந்தால்கூட மனம் ஆறும், நினைவு வந்தும் விட்டுவிட்டேன். பதினைந்தாம் நாள், என் வேலையைச் சரிபார்க்கிற போலந்துக்காரி மார்ட்டா எழுதினாள்:

“ஒரு குரலும் இல்லை. செத்த மரத்துக்கு ஏன் தண்ணீர் ஊற்றுகிறாய்? வெட்டு.”

பஸ் நிலையத்தில்

வெட்டினேன். பதிப்பு வெளியானது. சுத்தமாகச் செய்திருக்கிறாய் என்று இரண்டு பேர் பாராட்டியும் எழுதினார்கள், என் வாழ்க்கையில் முதல் தடவையாக. தை பிறந்து பள்ளிக்கூடம் தொடங்கி மூன்று கிழமை இருக்கும். பருத்தித்துறை பஸ் நிலையத்தில் வதனி ரீச்சரைக் கண்டேன். லாப் எப்படி என்று கேட்டேன். ரீச்சர் குடையை விரித்துச் சுருக்கி, திரும்பவும் விரித்தார். பிறகு மெல்லச் சொன்னார். விடுமுறையில் ஒருநாள் தனியாக வந்து, சுவரில் இருக்கும் தாளைப் பார்த்து, பன்னிரண்டிலும் ஒரே நேரத்தில் புதிய பதிப்பை ஏற்றியிருக்கிறார். பன்னிரண்டும் பாதியில் நின்றுவிட்டன. திரையில் ‘சட்டவிரோதமான கட்டளை’ என்று ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. செயலிக்குத் தெரியாத கட்டளை வந்தால் இயந்திரம் அப்படித்தான் சொல்லும். சட்டவிரோதம் என்ற சொல்லைக் கண்டதும் ரீச்சர் பன்னிரண்டின் வயரையும் கழற்றிவிட்டார். இப்போது கணினிகள் களஞ்சிய அறையில். பிள்ளைகள் கரும்பலகையில் கணினி படிக்கிறார்கள்.

ஏன் எனக்கு உடனே சொல்லவில்லை என்று கேட்டேன். உண்மையில் அதைக் கேட்க எனக்கு என்ன தகுதி? ரீச்சர் என் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னார்:

“சொன்னபடி செய்தா ஒருநாளும் பிழைக்காது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பிழைச்சுப்போச்சுது. அப்ப நான்தானே அண்ணை சொன்னபடி செய்யேல்லை?”

அதிபரின் தீர்ப்பு

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாக, வீட்டுக்கு வந்ததும் அந்தத் திருத்தத்தை எழுத உட்கார்ந்தேன். ஆறு நாளில் முடிந்தது. ஆறே நாள்! மார்ட்டா ஒரு கேள்வியும் கேட்காமல் அதை ஏற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் புதிதாக எல்லாவற்றையும் போட்டேன். பதினொரு கணினிகள் எழும்பின. மற்றது களஞ்சிய அறையில் கூரை ஒழுகி நனைந்திருந்தது, அது எழும்பவேயில்லை.

பள்ளிக்கூட அதிபரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் மேசைக்குள்ளிருந்த கோப்பை எடுத்து ஒரு கடிதத்தைக் காட்டினார். ‘எனது கவனயீனத்தால் பாடசாலைக் கணினிகள் பன்னிரண்டும் பழுதடைந்தன’ என்று தொடங்கி, கீழே வதனி ரீச்சரின் கையெழுத்து. அது ரீச்சருடைய சொந்தக் கோப்பு. தர உயர்வுக்கு நேர்முகம் வரும்போது பார்ப்பது அதைத்தான். கடிதத்தைக் கிழித்துவிடுங்கள், பிழை முழுக்க முழுக்க என்னுடையது, ரீச்சர் ஒரு எழுத்தும் பிசகாமல் செய்திருக்கிறார் என்றேன். திருத்தத்தை வெட்டியவர் என்று என் பெயர் பதிவாகியிருக்கும் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன், அதையும் நீட்டினேன். அதிபர் கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார். தாளை மடித்து என்னிடமே தந்தார். கோபமில்லை, அன்பாகத்தான் சொன்னார்:

“ரீச்சரைக் காப்பாத்த வேணுமெண்டு நினைக்கிறியள், நல்ல மனசுதான். ஆனா வெளிநாட்டுக்காரர் செய்யிற சாமானை உடுப்பிட்டியிலை இருந்துகொண்டு நீங்கள் மாத்தினதெண்டா ஆர் தம்பி நம்புவினம்? உந்தமாதிரித் தாளை நானும் அச்சடிப்பன்.”

பூட்டு

திரும்பி வரும்போது ரீச்சர் லாப்பைப் பூட்டிக்கொண்டிருந்தார். அதிபர் நம்பவில்லை, கடிதம் கோப்பில்தான் இருக்கப்போகிறது என்றேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்: வெட்டியது நான், ஆனால் சும்மா வெட்டவில்லை, கேட்டுவிட்டுத்தான் வெட்டினேன், இரண்டு கிழமை காத்திருந்தேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அது சாட்டுப்போக்காகத்தான் கேட்டது.

“ஆரைக் கேட்டனீங்கள்?” என்றார்.

“எல்லாரையும். உலகத்திலை எங்கடை இயங்குதளம் பாவிக்கிற எல்லாரையும்.”

ரீச்சர் திறப்பைத் திருப்பினார். பூட்டு விழுந்துவிட்டதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னை நேரே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

“என்னட்டைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன்தானே, அண்ணை.”

உலகத்தையே இரண்டு கிழமை கேட்டுப் பார்த்தவன் நான், ஒரு ரீச்சரைக் கேட்பதற்கு மட்டும் எனக்குப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை.