ரூட் என்று தட்டியபோது

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அக்காவின் கணவர், அதாவது என் மாமா, சிதம்பரத்தில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்தார். பைக்கில் கடலூருக்கு வந்துகொண்டிருந்தபோது புதுச்சத்திரம் அருகே லாரி மோதி இறந்தார்.

2. கருமாதி முடியும்வரை நிலையம் பூட்டியிருந்தது.

3. மறுநாள் அக்கா ஷட்டரைத் திறந்து கணினியைப் போட்டாள். அது கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல் மாமாவுக்கு மட்டும்தான் தெரியும்.

4. அக்கா எனக்கு போன் செய்தாள்.

5. நான் போய்ப் பழைய கடவுச்சொல்லை நீக்கிவிட்டுப் புதியது வைத்தேன்.

6. நான் வைத்த கடவுச்சொல்லையும் அது ஏற்கவில்லை.

இதில் ஆறாவதுதான் எனக்குப் புரியவில்லை. மற்றவை எல்லாம் நடக்கக்கூடியவை. முதலாவது உட்பட. அப்போது நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடவுச்சொல்லைச் சரிபார்த்தது ஒரு சர்வர். சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையை நினைக்க வேண்டாம். நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு கணினி. நோயாளிகளின் பெயர், வயது, பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் சேர்த்துவைக்கும் தரவுத்தள சர்வர் அதிலேயே ஓடியது. முடிவுகளை அச்சிடும் லேப் சாஃப்ட்வேரும் அதிலேயே ஓடியது. காலையில் சாஃப்ட்வேரைத் திறந்தால் கடவுச்சொல் கேட்கும். நாம் தருவதை அது சர்வரிடம் காட்டும். சர்வர் சரி என்றால் கதவு திறக்கும். சர்வரில் முழு அதிகாரம் கொண்ட நிர்வாகிக்கு ‘ரூட்’ என்று பெயர். கேட்கப்பட்டது ரூட்டின் கடவுச்சொல்.

அந்தச் சர்வரை நிறுவிக் கொடுத்தவள் நான்தான். இப்படி ஒரு தனிக் கணினியில் நிறுவும்போது பெரும்பாலும் ரூட்டுக்குக் கடவுச்சொல்லே இருக்காது. நாமாகத்தான் வைக்க வேண்டும். நீங்களே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். சில மாதம் கழித்து, வைத்துவிட்டதாக போனில் சொன்னார். என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன்.

“சொன்னா அது எப்படி பாஸ்வேர்டு ஆவும்?” என்றார்.

அக்காவும் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்தவள். ஊசி போட்டு ரத்தம் எடுப்பது, மெஷினில் வைப்பது, முடிவைப் படிப்பது எல்லாம் அவள்தான் செய்தாள். கணினி மாமாவின் வேலை. நிலையத்தை இனித் தானே நடத்த முடியும் என்று அக்கா நினைத்தாள். நினைத்ததைக் கருமாதி வீட்டிலேயே சொல்லவும் செய்தாள். கட்டடம் அவளுடைய மாமனார் பெயரில் இருந்தது. அவர் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலையத்தை மூடிவிட்டு மருமகளை ஸ்ரீமுஷ்ணத்தில் உள்ள தங்கள் வீட்டுக்கே அழைத்துப்போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார். கொடுமைக்காரர் அல்ல. புருஷன் செத்து மூன்று மாதமாவது வீட்டுக்குள் இருக்க வேண்டும், அதற்குள் கடையைத் திறந்து உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும் என்பது அவர் கணக்கு. அக்காவின் கணக்கு வேறு. மூன்று மாதம் பூட்டிக்கிடந்தால் வருகிறவர்கள் எதிர்ப்பக்கம் புதிதாக வந்திருக்கும் லேபுக்குப் பழகிவிடுவார்கள். அங்கே கிடைக்காத ஒன்று இவளிடம் இருந்தது. பழைய முடிவுகள். சர்க்கரைக்காரர்களுக்கும் கிட்னிக்காரர்களுக்கும் இன்றைய எண்ணை மட்டும் சொன்னால் போதாது. போன தடவை எவ்வளவு, அதற்கு முன்னால் எவ்வளவு என்று டாக்டர் கேட்பார். அந்த எண்கள் எல்லாம் ரூட்டின் கதவுக்குப் பின்னால் இருந்தன.

நான் முதல் நாள் போனபோது மாமனார் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஷட்டர் சாவி அவர் கையில் இருந்தது. என்ன பிரச்சினை என்று கேட்டார். ரூட் பாஸ்வேர்டு தெரியவில்லை என்றேன்.

“எந்த ரூட்டு?”

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் விளக்கினேன். கேட்டுவிட்டுத் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, அக்காவுக்குக் கேட்கும்படி சொன்னார்.

“ரூட்டு தெரியாதவங்க எதுக்கும்மா வண்டி எடுக்கணும்?”

அக்கா பஞ்சு டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமனாரை அவளும் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

“தெரிஞ்சவரு போயிட்டாரு மாமா. கேட்டுக் கேட்டுத்தான் ஓட்டணும்.”

வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் ஓடவில்லை என்றால் பூட்டிவிடலாம் என்றார். அக்கா சரி என்றாள். சரி என்று சொன்ன வேகத்தைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. நான் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

மறந்துபோன நிர்வாகிக் கடவுச்சொல்லை நீக்குவது கடினமான வேலை அல்ல. முதலில் தரவுத்தளம் இருக்கும் மொத்த ஃபோல்டரையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்தேன். பிறகு சர்வரை நிறுத்தி, யாரிடமும் கடவுச்சொல் கேட்காத நிலையில் மீண்டும் ஓடவிட்டேன். சர்வரை நிர்வகிக்க பிரவுசரில் ஒரு பக்கம் உண்டு. அதில் கடவுச்சொல்லை மாற்றும் இடத்துக்குப் போனால் இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டிலும் ஒரே சொல்லை அடிக்க வேண்டும். அடிப்பது தெரியாது, கரும்புள்ளிகள்தான் வரும். தற்காலிகமாக இருக்கட்டும் என்று thillai என்று அடித்தேன். இரண்டும் பொருந்தின. சர்வரைப் பழைய நிலைக்குத் திருப்பினேன். அதே பக்கத்தில் வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன். போக முடிந்தது.

லேப் சாஃப்ட்வேரைத் திறந்து அதே சொல்லை அடித்தேன். அனுமதி இல்லை என்றது. அந்தப் பிழைச் செய்தியின் கடைசியில், கடவுச்சொல் தரப்பட்டதா என்பதற்கு ‘ஆம்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். தந்தாய், ஆனால் தவறாகத் தந்தாய் என்று பொருள்.

மறுபடி அடித்தேன். மறுபடியும் ஆம்.

ஒரே சர்வர், ஒரே பெயர், ஒரே சொல். பிரவுசர் வழியாகப் போனால் சரி, சாஃப்ட்வேர் வழியாகப் போனால் தவறு. இப்படி இருந்தால் யாரும் கடவுச்சொல்லைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஒரு பக்கம் அது வேலை செய்கிறதே. நானும் சந்தேகிக்கவில்லை. இரண்டு சர்வர்கள் ஓடுகின்றனவா என்று பார்த்தேன். ஒன்றுதான். சாஃப்ட்வேர் வேறு முகவரியில் தேடுகிறதா என்று பார்த்தேன். இல்லை. ரூட் என்ற பெயரில் இரண்டு கணக்குகள் இருந்து ஒன்றை மட்டும் மாற்றிவிட்டேனா என்று பார்த்தேன். ஒரே கணக்கு. சாஃப்ட்வேர் பழையது, புதிய முறைக் கடவுச்சொல் அதற்குப் புரியவில்லையோ என்று அதையும் பழைய முறைக்கு மாற்றிப் பார்த்தேன். பார்க்க வேண்டியவற்றைப் பட்டியலாக எழுதி, பார்த்து முடித்ததைக் கோடிட்டு நீக்கிக்கொண்டே வந்தேன். என் லேப்டாப்பில் பிழைச் செய்தியைத் தேடி, எங்கெங்கோ யார் யாரோ எழுதிய பதில்களைப் படித்தேன். எல்லோருக்கும் ஏதோ ஒன்று பலித்திருந்தது.

அந்த வாரம் தினமும் கடலூர் செம்மண்டலத்திலிருந்து கிளம்பிச் சிதம்பரம் பஸ்ஸில் போய்வந்தேன். அலுவலகத்துக்கு, வீட்டிலிருந்து வேலை என்று சொல்லியிருந்தேன். புதுச்சத்திரம் வரும்போது போனைப் பார்ப்பேன். நினைத்துக்கொண்டு செய்ததில்லை, கை போனை எடுக்கும். நிமிர்ந்தால் பஸ் பரங்கிப்பேட்டைக் கிளைப்பாதையைத் தாண்டியிருக்கும். அம்மா அழுதாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் அழுதார்கள், அக்கா அழுதாள். நான் அழுததாக நினைவில்லை. சோறு, தூக்கம் எல்லாம் சரியாக இருந்தன. அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் எனக்குப் போதுமானதாக இருந்தது.

வியாழக்கிழமை புவனகிரியிலிருந்து ஒரு அம்மா வந்தார். கணவருக்கு கிட்னி. டாக்டர் கடந்த மூன்று முறை எடுத்த கிரியேட்டினின் அளவுகளைக் கேட்டிருக்கிறார். சீட்டுகள் வீட்டில் எங்கேயோ போய்விட்டன. இங்கே கம்ப்யூட்டரில் இருக்கும் என்று தம்பி சொல்லியிருந்தார் என்றார். தம்பி என்றது மாமாவை. தம்பி இறந்துபோனது அவருக்குத் தெரியவில்லை. அக்கா அதைச் சொன்னாள். அவர் நின்றபடியே அழுதார். அக்கா அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, நாளைக்கு வாருங்கள், எடுத்துவைக்கிறேன் என்றாள்.

அவர் போனதும் என்னிடம் வந்தாள்.

“நாளைக்குன்னு சொல்லிட்டேன்.”

“கேட்டுச்சி.”

“வருமா?”

தெரியாது என்றேன். அவள் என் பின்னால் கொஞ்சம் நின்றாள். தோளில் கை வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். திரையில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை என் பட்டியலில் மிச்சம் இருந்தது அற்பமான ஒன்று. பிரவுசர் சேமித்துவைத்திருக்கும் பழைய தகவல்களை அழித்துவிட்டுப் பார்ப்பது. உதவாது என்று தெரியும். ஆனாலும் பட்டியலில் இருந்தது. அழித்தேன். நிர்வாகப் பக்கத்தை மாமா குறித்துவைத்திருந்தார். ஒரு கிளிக்கில் திறந்தது. இதுவரை பெயர்க் கட்டத்தில் root என்று தானாகவே வந்து நிற்கும். இப்போது அந்தக் கட்டம் காலியாக இருந்தது. இந்தக் கணினியின் பிரவுசரில், கண்ணுக்குத் தெரியும் ஒரு கட்டத்தில் நான் எதையும் அடித்ததே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. நாலு எழுத்தை அடித்தேன்.

‘ரோட்’ என்று வந்தது.

அக்கா ரத்த மாதிரிக் குழாய்கள் வைத்த ஸ்டாண்டோடு பக்கத்தில் வந்தாள். திரையைப் படித்தாள்.

“ரோட்டுன்னு வந்திருக்கு.”

ஆமாம் என்றேன். மாமா இறந்தது ரோட்டில்தான். அக்கா ஸ்டாண்டை மேசைமேல் வைத்தாள்.

கணினியில் தமிழ் அடிக்கும் ஒரு சிறு மென்பொருள் இருந்தது. ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி அடித்தால் தமிழாக மாற்றிவிடும். பிரவுசரைத் திறந்தால் தானாகவே தமிழ், மற்றவற்றில் ஆங்கிலம் என்று மாமா அமைத்துவைத்திருந்தார். அக்காதான் காரணம் சொன்னாள். நோயாளிகளுக்கு வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்புவதை அவர் கணினியிலிருந்தே, பிரவுசர் வழியாகச் செய்வார்.

“இங்கிலீஷ்ல பேரு போட்டா இது யாரு ரிப்போர்ட்டோன்னு கெழவிங்க திருப்பி அனுப்புதுங்கன்னு சொல்வாரு. அதான் எல்லாத்துக்கும் தமிழ்லயே அடிப்பாரு.”

ஆக, நான் புள்ளிகளுக்குப் பின்னால் வைத்த கடவுச்சொல் thillai அல்ல. தில்லை. பிரவுசரில் ஒவ்வொரு முறையும் தமிழில் அடித்து உள்ளே போயிருக்கிறேன். சாஃப்ட்வேரில் ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்தில் அடித்து வெளியே நின்றிருக்கிறேன். புள்ளிகளை எண்ணியிருந்தால் ஒன்று குறைவதைப் பார்த்திருக்கலாம். யாரும் எண்ணுவதில்லை.

பெயரை ஆங்கிலத்திலும் தில்லையைத் தமிழிலும் அடித்து உள்ளே போனேன். பிறகு பிரவுசரில் தமிழை நிறுத்தினேன். கடவுச்சொல் மாற்றும் பக்கத்தைத் திறந்து, நாற்காலியை அக்காவிடம் விட்டு எழுந்தேன்.

“நீயே ஒண்ணு வை. ரெண்டு கட்டத்துலயும் அதையே அடி. நா பாக்கல.”

“மறந்துட்டா?”

“எழுதி வெக்காத. மறக்காதத வை.”

அவள் யோசித்தாள். பிறகு ஒற்றை விரலால் அடித்தாள். நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் லேபின் வாசலில் ஒருவர் தண்ணீர் கேனை இறக்கிக்கொண்டிருந்தார். அடிக்கும் சத்தம் நின்றது, மறுபடி தொடங்கியது, நின்றது. லேப் சாஃப்ட்வேரைத் திறக்கச் சொன்னேன். அதிலும் அவளே அடித்தாள். திறந்தது.

கடைசிப் பதிவு மாமா இறந்த அன்று காலையில் போட்டது. பெயர், வயது, வெறும் வயிற்றில் சர்க்கரை. முடிவுக்கான கட்டம் காலியாக இருந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேலே நகர்த்தி, புவனகிரிக்காரரின் பெயரைத் தேடி, மூன்று அளவுகளையும் அச்சிட்டாள். அந்த அம்மா வந்து வாங்கிக்கொண்டு போனார்.

மதியம் மாமனார் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டார்.

“ஓடுதா?”

“ஓடுது மாமா.”

“ரூட்டு கெடச்சிடுச்சா?”

“கெடச்சிது.”

அவர் சாவியை மேசைமேல் வைத்தார். அக்காவின் பக்கமாகவும் இல்லை, தன் பக்கமாகவும் இல்லை. அமாவாசை முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்றார். அக்கா அவருக்குக் காபி வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினாள். நான் வந்தபோது சாவி ஷட்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டியது யார் என்று நான் கேட்கவில்லை.

இப்போதைய நிலை இது. அமாவாசை முடிந்துவிட்டது; பேச்சு நடக்கவில்லை. அக்கா காலையில் நிலையத்தைத் திறக்கிறாள். ரூட்டின் கடவுச்சொல் அவளுக்கு மட்டும்தான் தெரியும். மாமா வைத்திருந்த கடவுச்சொல்லை சர்வரிலிருந்து நான் அழித்துவிட்டேன். எந்தச் சர்வரும் கடவுச்சொல்லை அப்படியே வைத்திருப்பதில்லை. அதைக் குழப்பிக் கலைத்த ஒரு வரியாகத்தான் வைத்திருக்கும். அந்த வரி முதல் நாள் நகலெடுத்த பென்டிரைவில் இருக்கிறது. பென்டிரைவ் செம்மண்டலத்தில் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்து அந்த வரியோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் நிரல்கள் உண்டு. அவற்றில் ஒன்று என் லேப்டாப்பில் இருக்கிறது. இதுவரை ஓட்டவில்லை.