சந்தனம் வைத்த மானிட்டர்

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டோடு தங்கிவிட்ட பாவா, யாரோ வைத்திருந்த பழையதை அரக்கோணத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தார். மானிட்டரை வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தாராம். திருத்தணி பஸ் நிலையத்துப் பக்கம் டைப் அடித்துக் கொடுக்கும் கடை போடுவது அவர் ஆசை. நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவோ ஆர்.கே.பேட்டையில் ஒரு விசைத்தறியில் அவருக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்.

அந்தக் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனது. நண்பர் ஒருவர் கொடுத்த லினக்ஸ் சிடியைப் போட்டு, இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார் பாவா. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் நன்றாகத்தான் ஓடின. படம் வரவேண்டிய நேரத்தில் மட்டும் திரை இருண்டது. இல்லாவிட்டால் சாய்ந்த கோடுகளாக நடுங்கியது. திரையில் படம் வரவழைக்கும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயராம்; எந்த டிரைவர் பொருந்தும் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்.

“இன்னா மாப்ள, இன்னிக்கும் அமாவாசைதானா?” என்பார் நைனா, கட்டிலில் படுத்தபடி.

“வந்துகினே கீதுங்க மாமா.”

“கிருத்திகை வரிக்கும் பாப்போம். அப்பாலிக்கு தறிதான், ஆமா.”

பாவா ஒப்புக்கொண்டார். வேறு என்ன செய்வார்?

கிருத்திகைக்கு முந்தின நாள் நண்பரிடமிருந்து வழி கிடைத்தது. டிரைவரில் குறையில்லை, மானிட்டர் எவ்வளவு வேகம் தாங்கும் என்று லினக்ஸுக்குத் தெரியவில்லை, அந்த எண்கள் மானிட்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் என்றாராம். கூடுதலாகப் போட்டால் மானிட்டர் எரிந்துவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். அதை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

மேசை சுவரை ஒட்டிக் கிடந்தது. இடுக்கில் நுழைய என்னால்தான் முடியும்.

“மச்சான், நீ பூந்து படி. நான் இங்க அடிக்கிறேன்.”

ஸ்கூலில் என்னைப் படிக்கச் சொல்லிச் சிரித்தவர்கள்தான் உண்டு. நம்பிப் படிக்கச் சொன்னவர் பாவா ஒருவர்தான். பெருமையோடு நுழைந்தேன். ஸ்டிக்கர் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. ஆயுத பூஜையன்று, கண்ணாடியில் வைத்தால் எழுத்து தெரியாது என்று அம்மா பார்த்துப் பார்த்துப் பின்னால் வைத்தது. எச்சில் தொட்டு, சட்டை நுனியால் அழுத்தித் தேய்த்தேன். சந்தனத்தோடு எழுத்தும் போய்விட்டது. முப்பது என்பது மட்டும் மிஞ்சியது.

“இன்னாடா, தெர்தா?”

“ஆங் பாவா. முப்பதுலேர்ந்து...”

“எத்தினி வரிக்கும்?”

தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மார்க்கைப் போல, எண் பெரியதாக இருந்தால் நல்லது என்று தோன்றியது.

“தொண்ணூறு” என்றேன்.

திரை ஒருமுறை நீலமாகப் பூத்தது. நைனாகூடக் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். உடனே உள்ளே கிரீச்சென்று ஒரு சத்தம், கருகல் வாடை. அதோடு எல்லாம் அடங்கிவிட்டது.

பாவா மேசையை இழுத்தார். துடைத்து வெளுத்திருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். என் சட்டை நுனியில் மஞ்சளாக ஒட்டியிருந்ததையும் பார்த்திருப்பார். நைனாவின் பக்கம் திரும்பி, “நான்தான் தப்பா அடிச்சிட்டேங்க மாமா” என்றார்.

மறுவாரமே ஆர்.கே.பேட்டை பஸ் ஏறினார். இத்தனை வருஷத் தறிச் சத்தத்தில் இப்போது அவருக்குக் காது மந்தம். எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். நான் மெதுவாகப் பேசக்கூட யோசிக்கிறவன். கத்திச் சொல்லக்கூடிய விஷயமா இது?

மெதுவாகச் சொல்ல ஒரு சாயங்காலம் இருந்தது. மானிட்டர் எரிந்த அன்றே பாவா என்னை மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போனார். காவடிக் கூட்டத்துக்கு நடுவே படியோரமாக உட்கார்ந்து சுண்டல் வாங்கிக் கொடுத்தார்.

“இன்னா மச்சான்?” என்றார்.

“ஒண்ணுமில்ல பாவா.”

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. கூட்டம் குறையட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். நான் சொல்வதற்காக அவர் காத்திருந்தது எனக்குத் தெரியவில்லை. சுண்டல் தீர்ந்ததும் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, “போலாமா பாவா?” என்று கேட்டேன்.