புதரோரம் நின்ற வண்டி

குமாசியிலிருந்து தாமாலேக்குப் பேருந்து ஓட்டும் அசாரேவுக்கு அறுபது வயது நெருங்குகிறது. மூத்திரம் முட்டிக்கொண்டு வரும். இறங்கி நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். அந்தச் சனியனோடு எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

வழக்கம்போல அன்றும் வண்டி கிளம்பியதும், பேருந்தில் மருந்து விற்கும் டொன்கோர் எழுந்து ஜெபம் சொன்னார். ஆமென் சொன்ன கையோடு வேர்க்கஷாயப் புட்டியைத் தூக்கிக் காட்டினார். "ஆம்பளைங்களே, ரெண்டே புட்டி! தொறந்துவிட்ட குழாய் மாதிரி போகும்!"

கொஞ்ச தூரத்துக்குள் அசாரே இரண்டாவது முறையாகப் புதரோரம் வண்டியை நிறுத்தினார்.

"மறுபடியுமா? டிரைவரய்யா, இந்த வருஷத்துக்குள்ள ஊர் போய்ச் சேருவோமா?" என்றாள் தக்காளி வியாபாரி ஒருத்தி. வண்டியே சிரித்தது.

அசாரே இறங்கிப் போய் நின்றார். பக்கத்தில் டொன்கோரும் வந்து நின்றார். வெகுநேரம் ஆகியும் இருவருக்கும் போகவில்லை.

"உம்ம கஷாயம் என்னய்யா ஆச்சு?"

"அதைத்தான் நாலு வருஷமா குடிக்கிறேன்." டொன்கோர் குரலைத் தாழ்த்தினார். "தாமாலேல எறங்கினதும் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். தனியாப் போக வெக்கமா இருக்கு. நீங்களும் வாங்கண்ணே."